மோட்டார் ரிமோட்டை நம்பலாமா?

எங்க கெணறு வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். ராத்திரி த்ரீ பேஸ் வந்தா பாம்புக்குப் பயந்து டார்ச்சோட போகணும். அதுக்காகத்தான் ரிமோட் ஸ்டார்டர் மாட்டினேன். ரெண்டே வருசத்துல பட்டன் தேஞ்சு, பத்து தடவை அமுக்கினா ஒரு தடவைதான் கேட்கும். கடையில விசாரிச்சா, "தனி ரிமோட் வராதுங்க, செட்டாத்தான் வாங்கணும்"ங்கறாங்க.

அக்கா மகன் டிப்ளமோ படிக்கிறான். "நான் செஞ்சு தர்றேன் மாமா"ன்னு ஒரு ஆர்டுயினோ போர்டும் 433 மெகாஹெர்ட்ஸ் டிரான்ஸ்மிட்டரும் ரிசீவரும் கொண்டு வந்தான். பழைய ரிமோட்டை அமுக்கினதும் லேப்டாப்பில் 24 இலக்கம் வந்தது, எல்லாம் ஒன்றும் சைபரும். நீளமான துடிப்பு ஒன்று, குட்டையானது சைபர். அதே கணக்கில் டிரான்ஸ்மிட்டரை அணைத்து அணைத்துப் போட்டால் மோட்டார் ஓடுகிறது. அவ்வளவுதான் ரிமோட்!

உங்க வீட்டு டிவி ரிமோட்டும் இதே சங்கதிதான். செல்போன் கேமரா முன்னால் அமுக்கிப் பாருங்க, பெரும்பாலும் நுனியில் ஒரு ஊதா வெளிச்சம் மின்னும். பல ரிமோட்டில் அது வினாடிக்கு 38,000 தடவை விட்டு விட்டு எரிகிறது. ஆர்டுயினோவுக்கு இதுவும் சுலபம்: 13 மைக்ரோ வினாடி எரியவிடு, 13 அணை. ஆனா அது வெளிச்சம், சுவரைத் தாண்டாது. ரேடியோ அலை தென்னந்தோப்பைத் தாண்டிப் போகும்.

அங்கேதான் எனக்கு உறுத்தியது. பையன் அரை மணியில் காப்பியடிச்சதை, ரோட்டுல நிக்கிற எவனும் அடிக்கலாம். எத்தனை தடவை அமுக்கினாலும் அதே 24 இலக்கம். கார் சாவியில் ஒவ்வொரு அமுக்கலுக்கும் இலக்கம் மாறும் ஏற்பாடு எப்பவோ வந்தாச்சு. யாரோ டிவி சேனலை மாத்தினா சிரிச்சுட்டுப் போகலாம். கெணத்துக்குள்ள ஆள் புட்வால்வு மாத்தும்போது மேலே மோட்டார் ஓடினா?

மாறாத இலக்கத்தை மோட்டாருக்கு விற்பது தப்பு என்பேன். வாங்குகிறவர்கள் இதைக் கேட்டு வாங்கணும். மூடின டப்பாவைப் பிரித்துப் பார்த்த பையனால்தான் எனக்கே இது தெரிந்தது, அவனைத் திட்டின அக்காவுக்கும் இதைத்தான் சொன்னேன்.

புது ரிமோட் நல்லா வேலை செய்யுது. போன வாரம் அவன் கெணத்துல இறங்கினப்ப மூணு பீஸ் கட்டையும் என் டவுசர் பாக்கெட்டில் இருந்தது.