நெய்க்கு வரி குறைந்தது. பாலின் கொழுப்புத் தரத்துக்கு விலை உண்டா?

2025 செப்டம்பர் 22 முதல் நெய், வெண்ணெய், பாலாடைக்கட்டி ஆகியவற்றின் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்துள்ளது. இதனால் நெய் வாங்குவோர் கூடினால், 'மேய்ச்சல் மாட்டு நெய் உடலுக்கு நல்லது' என்ற விளம்பரங்களும் கூடும். அதில் எவ்வளவு உண்மை, பால் ஊற்றும் விவசாயிக்கு என்ன பயன் என்று பார்ப்போம்.

பால் கொழுப்பில் என்ன இருக்கிறது?

பால் கொழுப்பில் 400-க்கும் மேற்பட்ட கொழுப்பு அமிலங்கள் உள்ளன. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிறைவுற்ற கொழுப்பு. மொத்த அமிலங்களில் சிறு அளவில் இருப்பவைதான் இப்போது பேசப்படுகின்றன.

பென்டாடெக்கனாயிக் அமிலம் (சி-15): பால் கொழுப்பில் சுமார் 1 சதவீதம். மாட்டின் அசையூண் வயிற்றில் உள்ள நுண்ணுயிரிகளே இதற்கு மூலகாரணம்.

வேக்செனிக் அமிலம், சி.எல்.ஏ.: பசும்புல்லில் உள்ள லினோலெனிக் போன்ற அமிலங்களை நுண்ணுயிரிகள் வேக்செனிக் அமிலமாக மாற்றுகின்றன. அதன் ஒரு பகுதி மடியில் சி.எல்.ஏ. ஆகிறது.

ஆய்வுகள் சொல்வது

சுவீடனில் 60 வயதுடைய 4,150 பேரைச் சுமார் 16 ஆண்டுகள் கண்காணித்த ஆய்வு 2021-ல் வெளியானது. இரத்தத்தில் சி-15 அதிகம் இருந்தவர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. பல நாடுகளின் 16 ஆய்வுகளைத் தொகுத்த 2018 அறிக்கை, சர்க்கரை நோய்க்கும் இதே போக்கைக் காட்டியது.

ஆனால் இவை தொடர்பைக் காட்டுகின்றனவே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. இரத்தத்தில் உள்ள சி-15, ஒருவர் பால் பொருள் சாப்பிடுகிறார் என்பதற்கான அடையாளம் மட்டுமாகவும் இருக்கலாம். சி.எல்.ஏ. மாத்திரை ஆய்வுகளில் தினமும் 3 கிராம் அளவுக்குக் கொடுத்தும் உடல் எடை சிறிதளவே குறைந்தது. ஒரு டம்ளர் பாலில் கிடைப்பது 0.1 கிராம்கூட இருக்காது. எனவே 'நெய் சாப்பிட்டால் இளைக்கலாம்' என்பது மிகைப்படுத்தல்.

வேக்செனிக் அமிலமும் ஒரு டிரான்ஸ் கொழுப்புதான். இந்தியாவில் 2022 ஜனவரி முதல் உள்ள 2 சதவீத வரம்பு, ஆலையில் உருவாகும் டிரான்ஸ் கொழுப்புக்கானது. ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதல் இரண்டையும் சேர்த்தே குறைக்கச் சொல்கிறது. ஆகவே நெய்யை அளவோடு பயன்படுத்துவதே சரி.

விவசாயிக்கு என்ன?

கொள்முதல் நிலையத்தில் கொழுப்பு, இதரச் சத்து இரண்டையும் பார்த்தே விலை போடுகிறார்கள். எந்த வகைக் கொழுப்பு என்று யாரும் பார்ப்பதில்லை. பசுந்தீவனம் கொடுத்துச் சி.எல்.ஏ.வை இரண்டு மூன்று மடங்கு உயர்த்தினாலும் ஒரு பைசா கூடுதலாகக் கிடைக்காது.

ஆனாலும் இன்னொரு அமிலம் நேரடியாக வருமானத்தைத் தொடுகிறது. அடர் தீவனம் மிகுந்து நார்ச்சத்து குறைந்தால், அசையூண் வயிற்றில் வேறு வகை சி.எல்.ஏ. உருவாகிறது. அது மடியில் கொழுப்பு உற்பத்தியைத் தடுக்கிறது. பால் அளவு குறையாமலேயே கொழுப்பு மட்டும் இறங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

செய்ய வேண்டியவை

* அடர் தீவனத்தை ஒரே வேளையில் கொட்டாமல் பிரித்துக் கொடுக்கவும். வைக்கோல், தட்டையைக் குறைக்க வேண்டாம்.
* கம்பு நேப்பியர் புல்லுடன் வேலிமசால், அகத்தி, தட்டைப்பயறு போன்ற பயறுவகைத் தீவனங்களையும் சேர்க்கவும்.
* புல்லை முற்ற விடாமல் அறுத்துப் பச்சையாகக் கொடுக்கவும். வெயிலில் காய்ந்தால் லினோலெனிக் அமிலம் குறையும்.
* கொழுப்பை உயர்த்த எண்ணெய் ஊற்ற வேண்டாம். அதிக எண்ணெய் நார்ச் செரிமானத்தைக் கெடுக்கும்.

வீட்டிலேயே நெய் உருக்கி விற்பவர்கள் நோய் தீரும் என்று சொல்லி விற்க வேண்டாம். 'பசுந்தீவனம் தின்ற மாட்டின் நெய்' என்ற உண்மையைச் சொன்னாலே போதும். கொழுப்பின் தரத்தையும் சோதித்து விலை தரும் முறை வந்தால்தான், புல் வளர்ப்பவரின் உழைப்புக்கு முழுக் கூலி கிடைக்கும். பால் உற்பத்தியாளர் சங்கங்கள் இக்கோரிக்கையை இப்போதே முன்வைக்கலாம்.