உழைக்கும் கணினியை ஒதுக்கலாமா?

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2021 அக்டோபரில் விண்டோஸ் 11 மென்பொருளை வெளியிட்டது. பாதுகாப்பைக் காரணம் காட்டி, இன்டெல் கணினிகளில் பெரும்பாலும் 8-ஆம் தலைமுறைக்கு முந்தியவற்றை விலக்கியது. இதனால் 2017-இல் புதிதாக வாங்கிய கணினிகள் பலவும் தள்ளப்பட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 14.10.2025 அன்று முடிந்தது.

பழுதில்லாத கணினியை மாற்றும் செலவு, உழவர் உற்பத்தியாளர் குழுக்களுக்கு வீண் சுமையாகும். விதைப் பையில் காலாவதி நாள் இருப்பதுபோல், மென்பொருள் ஆதரவு எந்த ஆண்டுவரை கிடைக்கும் என்பதைக் கணினியிலும் அச்சிட வேண்டும். வாங்குமுன் விவசாயிகள் இதைக் கேட்டறிதல் நலம். இருக்கும் கணினியை எடைக்குப் போடாமல், கணக்கு மென்பொருள் இயங்குமா எனப் பார்த்து, இலவச லினக்ஸை நிறுவிக் கொள்ளலாம்.