பெயரிடுவது எடுபிடி வேலையல்ல

ஈய அச்சுக் காலத்தில் பத்திரிகைத் தொழிலுக்கு வந்தவன் நான். பிரமுகர்களின் படங்கள் அந்நாளில் துத்தநாக ‘புளொக்’குகளாக இழுப்பறைகளில் அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு துண்டுச் சீட்டு. ஓரிரவு, ‘அமைச்சர்’ என்று மட்டும் எழுதியிருந்த புளொக்கை எடுத்து அச்சுக்கூடத்துக்கு அனுப்பினேன். அமைச்சரவை மாறிச் சில மாதங்களாகியிருந்தன. காலையில், புதியவரின் செய்திக்குப் பழையவரின் முகம்! சீட்டை எழுதியவர் பொய் எழுதவில்லை. எழுதிய நாளில் அது உண்மைதான்.

மறுநாள் ஒரு திருத்தம் போட்டுத் தப்பித்துக்கொண்டோம். தொழிற்சாலைகளில் அவ்வாறு தப்ப முடிவதில்லை.

சுத்திகரிப்பு ஆலையிலோ மின் நிலையத்திலோ ஆயிரக்கணக்கான கருவிகள் இடையறாது அளவுகளை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. கணினியில் ஒவ்வோர் அளவுக்கும் ‘டேக்’ எனப்படும் அடையாளப் பெயர் உண்டு. ஐ.எஸ்.ஏ. 5.1 என்ற தரநியமம் இதற்கு வழிகாட்டுகிறது. ‘எல்.ரி. 101’ என்றால், எல் திரவ மட்டத்தையும், ரி அளவை அனுப்பும் கருவியையும், எண் அது சேர்ந்த சுற்றையும் குறிக்கும். ஆனால் பெயர் சரியாக இருந்தால் மட்டும் போதுமா?

1979 மார்ச் 28 அதிகாலை, அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலுள்ள த்றீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் திறந்துகொண்ட வால்வு ஒன்று மீண்டும் மூடவில்லை. கட்டுப்பாட்டுப் பலகையில் அதற்குரிய விளக்கு அணைந்தது. வால்வு மூடிவிட்டதாகப் பணியாளர் நம்பினர். மூடும்படி கட்டளை போயிற்று என்பதையே அவ்விளக்கு காட்டியது. வால்வின் உண்மை நிலையைக் காட்டவில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாகக் குளிர்விக்கும் நீர் வெளியேறியது. உலையின் மையப்பகுதியில் ஏறத்தாழப் பாதி உருகிற்று.

2005 மார்ச் 23 அன்று ரெக்சாஸ் சிற்றியிலிருந்த பி.பி. சுத்திகரிப்பு ஆலையில் நடந்தது இன்னும் கொடியது. 170 அடி உயரக் கோபுரத்தில் திரவம் 158 அடி வரை ஏறியிருந்தது. மட்டமானியோ அடிப்பகுதியின் சில அடிகளை மட்டுமே அளக்கக்கூடியது; பழைய தரவுத் தாளின்படி அளவுதிருத்தமும் செய்யப்பட்டிருந்தது. திரையில் எட்டு அடியளவில் நின்று, மட்டம் குறைந்துவருவதாகவே அது காட்டியது. 15 பேர் மாண்டனர். 180 பேர் காயமடைந்தனர். இவ்விரு விபத்துகளுக்கும் வேறு காரணங்களும் உண்டு. ஆயினும் திரை சொன்னதற்கும் அது உண்மையில் அளந்ததற்கும் இடையிலிருந்த இடைவெளியை எவரும் மறுக்க முடியாது.

இத்தகைய பெயரிடல், பல இடங்களில், திட்டத்தின் கடைசி வாரத்தில் ஆகக் கனிஷ்ட ஊழியரிடம் தள்ளப்படும் வேலை. பழைய பட்டியலைப் பிரதியெடுத்து எண்ணை மாற்றினால் முடிந்தது என்று கருதுகிறார்கள். நீண்ட விபரம் எழுதினால் திரை நிறைந்துவிடும் என்று முறையிடுவோரும் உளர். பெயர் குறுகியதாக இருக்கட்டும். அதனோடு சேரும் விபரம் குறுகலாகாது. எந்த இடத்து அளவு? எந்த அலகில்? எந்த எல்லைக்குள்? அளந்தறிந்ததா, கட்டளையின் எதிரொலியா? இந்நான்குக்கும் விடை எழுதப்படாத டேக் ஒன்றும் பாவனைக்கு வரக்கூடாது. கருவியை மாற்றினால் அதே நாளில் பதிவும் மாற வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இரவுப் பணியில் அந்தத் திரையை நம்பி இருக்கப்போகிறவர் பட்டியலை வாசித்து ஒப்பமிட வேண்டும்.

இனிக் கணினியே அனைத்தையும் கற்றுணர்ந்து எச்சரிக்கும் என்கிறார்கள். நல்லது. ஆனால் அதுவும் இந்தப் பட்டியலைப் படித்தே கற்கிறது. சீட்டிலுள்ள பிழையை எந்த இயந்திரமும் தானாக முகம் பார்த்துத் திருத்தாது. அன்றிரவு புளொக்கைக் கையிலெடுத்த நானும் பார்க்கவில்லை. சீட்டைத்தான் பார்த்தேன்.