பல்லின் கழுத்தைப் பாருங்கள்

பல் போன இடத்தில் 'இம்பிளாண்ட்' வைத்துக் கொண்டாயிற்று. தாடை எலும்பு டைட்டானியம் திருகைப் பிடித்துக் கொள்ளச் சில மாதம் பொறுத்தும் ஆயிற்று. இப்போது பல் டாக்டர் கூப்பிட்டு, "மேலே கேப் எதில் போடலாம்?" என்கிறார். மேஜைமேல் இரண்டு மாதிரிகள். ஒன்று உலோகத்தின்மேல் பீங்கான் ஏற்றியது, மற்றொன்று ஸிர்க்கோனியா. விலை கூடியதைப் போட்டால் ஈறு சுகமாயிருக்கும் என்றுதானே உங்களுக்குத் தோன்றுகிறது?

அங்கேதான் ஏமாந்து போகிறோம்.

டைட்டானியம் எலும்போடு ஒட்டிவிடும் என்று 1952-ல் கண்டவர் ஸ்வீடன் தேசத்துப் பிரானமார்க். முயலின் எலும்பில் பொருத்திய கருவியைத் திரும்ப எடுக்க வரவில்லையாம்! 1965-ல் மனிதரின் தாடைக்கு அந்த வித்தை வந்தது. ஆனால் ஒட்டுவது எலும்புதான். ஈறு அவ்வளவு உறவு கொண்டாடுவதில்லை. சொந்தப் பல்லில் ஈற்றின் நார்கள் வேருக்குள்ளேயே புகுந்து இறுகப் பிடித்திருக்கும். இம்பிளாண்டிலோ பக்கத்தில் சும்மா அணைத்துக் கொண்டு நிற்கும். அழுக்கு உள்ளே இறங்குவது சுலபம்.

மெருகிட்ட ஸிர்க்கோனியாவில் அழுக்குச் சற்றுக் குறைவாகப் படியும் என்பது உண்மைதான். ஈறு மெல்லியதாக இருந்தால் முன்பல்லில் உலோகத்தின் சாம்பல் நிழல் தெரியும். அங்கே உள்தண்டும் ஸிர்க்கோனியாவாக இருப்பது அழகு. பீங்கான் பூச்சு சில சமயம் சில்லுப் பெயரும். மற்றபடி ஈற்றின் சுகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை.

வினை வருவது வேறிடத்தில். கேப்பைச் சிமெண்டு வைத்து ஒட்டுவதுண்டு. மூக்குத்தி போலத் திருகாணியால் முடுக்குவதும் உண்டு. ஒட்டும்போது பிதுங்கும் சிமெண்டில் ஒரு துணுக்கு ஈற்றுக்கடியில் தங்கிவிட்டால் போதும்! 2009-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆராய்ச்சியில், சிமெண்டு வைத்து ஒட்டி, ஈறு கெட்டுப்போன 42 இம்பிளாண்டுகளைக் குட்டிக் காமிராவை விட்டுப் பார்த்தார்கள். நூற்றுக்கு 81-ல் மிச்சச் சிமெண்டு! கேப் போட்டு ஒன்பது வருஷம் கழித்துத் தலைகாட்டிய கோளாறும் அதில் உண்டு. துணுக்கை எடுத்த பிறகு ஏறக்குறைய முக்கால்வாசி தேறிவிட்டன.

கேப்பின் உருவமும் முக்கியம். கழுத்தருகே குடம் மாதிரி புடைத்திருந்தால், தங்கத்தாலேயே செய்திருந்தாலும் அடியில் பிரஷ் நுழையாது.

ஆகையால் டாக்டரிடம் விலையைக் கேட்குமுன் இதைக் கேளுங்கள்: "திருகாணியா, சிமெண்டா? சிமெண்டென்றால் அதன் ஓரம் துடைக்க எட்டும்படி இருக்குமா?" பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் பேரக்குழந்தை மாதிரி ஒன்று மருந்துக் கடையில் விற்கிறது. கேப் மாட்டிய அன்றே, அவர் எதிரிலேயே அதைப் பல்லிடுக்கில் விட்டுப் பாருங்கள். நுழையாவிட்டால் கூசாமல் சொல்லுங்கள். கேப்பைத் திருத்த முடியும்.

நீரிழிவுக்காரரும் சிகரெட் பிடிப்பவரும் இன்னும் உஷாராக இருக்கவேண்டும். தேய்க்கும்போது ரத்தம் கண்டால், 'வலி இல்லையே' என்று சும்மா இருந்துவிடாதீர்கள். அடியில் எலும்பு கரைந்துகொண்டே போகும்போதுகூட இம்பிளாண்ட் பெரும்பாலும் வலிப்பதில்லை.