மண்ணுக்கேற்ற விதை

ஒரே வயலின் ஒரு கோடியில் ஆழமான கரிசலும், மறு கோடியில் சரளை கலந்த மேட்டு மண்ணும் இருப்பது நம் மானாவாரிப் பிரதேசங்களில் சர்வ சாதாரணம். ஆயினும் விதை மட்டும் இரு கோடிகளிலும் ஒரே அளவாகவே விழுகின்றது. இதனால் உண்டாகும் நஷ்டம் யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

கலக்க விதைத்தால் களஞ்சியம் நிறையும், அடர விதைத்தால் போர் உயரும் என்பது நம் முதியோர் வாக்கு. தூர் கட்டி இடைவெளியை நிரப்பிக்கொள்ளும் நெல்லுக்கு அது பொருந்தும். பெரம்பலூர் ஜில்லாவின் மானாவாரிக் குடியானவர்கள் நம்பியிருக்கும் மக்காச்சோளத்துக்கோ அந்த இயல்பு இல்லை. வளமான மண்ணில் அதைக் கலக்க விதைத்தால் வெயிலும் உரமும் வீணாகிக் களைக்கே லாபமாகும். மெலிந்த மண்ணில் அடர விதைத்தால் செடிகள் தண்ணீருக்குப் போட்டியிடும்; கதிரின் பட்டிழை வெளிவரத் தாமதித்து, அதற்குள் மகரந்தம் உதிர்ந்து, மணி பிடிக்காத கதிர்களே மிஞ்சும். கலப்பின விதையையோ வருஷந்தோறும் காசு கொடுத்தே வாங்கவேண்டும்.

அமெரிக்காவின் அயோவா, இல்லினாய் ராஜ்யங்களில் இதற்குப் பரிகாரம் கண்டிருக்கின்றனர். மண்ணின் தன்மையையும் முந்திய வருஷங்களின் மகசூலையும் கொண்டு வயலுக்குப் படம் வரைந்து, விதைக்கும் யந்திரம் செல்லும்போதே இடத்துக்கு இடம் விதையின் அளவை மாற்றிக்கொள்ளச் செய்கின்றனர்.

பெரும் பண்ணைகளுக்கான இவ்வித்தை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். 2015-16-ம் வருஷக் கணக்கின்படி இந்தியக் குடியானவரின் சராசரி நிலம் 1.08 ஹெக்டேர்தான். ஆனால் யந்திரம் பெரிய பண்ணைக்கு உரியதாயினும், தத்துவம் எல்லோருக்கும் உரியதன்றோ? வரிசைக்கு வரிசை 60 சென்டிமீட்டர், செடிக்குச் செடி 25 சென்டிமீட்டர் விட்டால் ஹெக்டேருக்கு ஏறக்குறைய 66,600 செடிகள். மேட்டு மண்ணில் மட்டும் செடி இடைவெளியை 30 ஆக்கினால் 55,500. அப்பகுதிக்கான விதையில் ஆறில் ஒரு பங்கு மிச்சம். இதற்கு வேண்டுவது முடிச்சிட்ட கயிறு ஒன்றே. ஆனால் எந்த மண்ணுக்கு எந்த அளவு என்பதை அந்தந்த வயலிலேயே சில வரிசைகளில் சோதித்து, மகசூலை நிறுத்துப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். மண் எங்கும் ஒரே சீராயுள்ள வயலில் இம்முறையால் விசேஷ லாபம் இராது.

சர்க்காருக்கும் இதில் கடமை உண்டு. 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் பாசன நிலத்தில் 2.5 ஹெக்டேருக்கும், மானாவாரியில் 10 ஹெக்டேருக்கும் ஒரு மாதிரி என்று வகுத்தார்கள். பலருடைய நிலத்துக்குப் பொதுவான ஒரு மாதிரி, தம் வயலின் மேடு எது, பள்ளம் எது என்பதைக் குடியானவருக்கு எவ்வாறு உரைக்கும்? அட்டையில் கண்ட 12 அம்சங்களில் மண்ணின் ஆழமும் இல்லை, ஈரம் தாங்கும் சக்தியும் இல்லை. விதையளவை நிர்ணயிப்பவையோ முக்கியமாக இவ்விரண்டே.

ஆகவே மானாவாரி ஜில்லாக்களிலேனும் வயல்வாரியாக மண்ணின் ஆழத்தை அளந்து, அதற்கேற்ற விதையளவையும் அட்டையில் குறித்துக் கொடுக்கவேண்டும். கிராம ஊழியர்கள் விதைப்புக் காலத்துக்கு முன்பே இக்கோரிக்கையை எழுப்புவார்களாக. விதை மண்ணில் விழுந்தபின் விவாதித்துப் பயனில்லை.