சிப் மாத்தும் முன் ஒரு நிமிஷம்!

கம்பைல் போட்டுட்டு கேன்டீன்ல டீ குடிச்சு வந்தாலும் வேலை முடியலையா? 'பிராசஸரை மாத்திடலாம்'னு கை பரபரக்குமே... கொஞ்சம் பொறுங்க பாஸ்!

லினக்ஸ்ல வெறும் 'மேக்'னு அடிச்சா, வழக்கமா ஒரு நேரத்துல ஒரு ஃபைல்தான் கம்பைல் ஆகும். நாலு கோர் இருந்தா, மூணு வேடிக்கை பார்க்கும். 'மேக் -ஜே4' போடுங்க. பைசா செலவில்லாம வேகம் கூடும். அப்பவும் நாலு கோரும் மூச்சு முட்ட ஓடுதா? இப்ப அப்பாகிட்ட அப்ளிகேஷன் போடலாம்!

உங்க போர்டு ஏஎம்4 சாக்கெட்டா? லக்கிதான். 2017-ல் ரைசனோடு வந்த பல போர்டுகளில், 2020-ல் வந்த 16 கோர் 5950எக்ஸ் கூட உட்காரும். நம்ம பர்ஸுக்கு 6 கோர் 5600 தாராளம். போர்டு கம்பெனியின் சப்போர்ட் லிஸ்ட்டில் அந்தச் சிப் இருக்கான்னு பார்த்துக்கோங்க.

பழைய சிப்பைக் கழற்றும் முன்னாடியே பயாஸை அப்டேட் பண்ணிடணும். இல்லேன்னா புதுசைப் போர்டுக்கு அடையாளம் தெரியாது, ஸ்க்ரீன் கறுப்புதான்! கூலரை வெடுக்குனு இழுக்காதீங்க. காய்ஞ்ச பேஸ்ட் சிப்பையும் சேர்த்துப் பிடுங்கும், பின் வளையும். மெஷினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, ஆஃப் பண்ணி, பிளக்கைப் பிடுங்கிட்டு, இளஞ்சூட்டுல லேசா இடமும் வலமும் திருகி எடுங்க.

முக்கியமா, ராம்! பெரிய சி++ ஃபைல் ஒண்ணே 1 ஜிபிக்கு மேல சாப்பிடும். 8 ஜிபியில 12 ஃபைலை ஒண்ணா ஓட்டினா, ஹார்ட் டிஸ்க் கதறும். முன்னைவிட லேட் ஆகும்.

முதல்ல கமாண்ட், அப்புறம் ராம், கடைசியில சிப். வரிசை மாறினா காசு மட்டும்தான் வேகமாப் போகும்!