சாவி எங்கே?

போன வாரம் எதிர்வீட்டு மருமகள் கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "நர்ஸம்மா, பிரசவத்துக்குப் போன இடத்திலே, ஊசி மருந்து வைக்கிற ஃப்ரிஜ்லே தயிர் டப்பாவும் வச்சிருந்தாங்க. தப்பில்லையா?" என்று கேட்டாள்.

தப்புதான். தயிர் எடுக்க ஒருவர், தண்ணீர் எடுக்க ஒருவர் என்று கதவு திறந்து மூடினால் உள்ளே குளிர்ச்சி எப்படி நிற்கும்? குழந்தை பிறந்ததும் தாய்க்குப் போடும் ஆக்ஸிடோசின் ஊசிதான் கர்ப்பப்பையைச் சுருங்க வைத்து ரத்தப்போக்கைத் தடுக்கிறது. அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைக்க வேண்டும். பால் கெட்டால் திரிந்து காட்டிக் கொடுக்கும். இந்த மருந்து வீரியம் போன பிறகும் பளிங்கு மாதிரி தெளிவாகவே இருக்கும். ஊசி போட்டும் ரத்தம் நிற்காதபோதுதான் விஷயம் தெரியும். தடுப்பூசி வைக்கும் ஃப்ரிஜ்ஜிலேயே, கலந்து போகாமல் பெயர் எழுதி இதையும் வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஐ.நா. மக்கள்தொகை நிதியமும் 2019-ல் சேர்ந்து அறிவித்தன. தயிருக்கு அங்கே இடமில்லை!

ரிட்டையரான பிறகு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மருந்துகளைப் பத்திரப்படுத்தச் சொல்லிக் கொடுக்கப் போய் வருகிறேன். வகுப்பில் முதலில் என் கதையைத்தான் சொல்வேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. ராத்திரி டியூட்டி. பொடி மருந்தைக் கரைத்து நரம்பு ஊசியாகப் போட டிஸ்டில்டு வாட்டர் தேடினேன். ஒரே டிரேயில் பத்து மில்லி ஆம்பூல்கள், எல்லாம் ஒரே ஜாடை. ஒன்றை உடைக்கப் போனேன். பின்னாலிருந்து சீனியர் சிஸ்டர் கையைப் பிடித்தார். "என்னடி அது? வாய்விட்டுப் படி."

படித்தேன். பொட்டாசியம் குளோரைடு. தண்ணீர் மாதிரிதான் இருக்கும். நிறைய சலைனில் கலந்து, மெள்ள ஏற்ற வேண்டிய மருந்து. அப்படியே ரத்தக்குழாயில் செலுத்தினால் இதயம் நின்றுவிடும். கட்டிலில் இருந்தவள் என் வயசுப் பெண். இன்றைக்கும் நினைத்தால் உள்ளங்கை வியர்க்கிறது.

என் கவனக்குறைவு வாஸ்தவம்தான். ஆனால் இரண்டையும் ஒரே டிரேயில் வைத்தது யார்? அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் ஜாயின்ட் கமிஷன், இப்படி நேர்ந்த மரணங்களை ஆராய்ந்து, இந்த மருந்தை வார்டிலிருந்தே அப்புறப்படுத்தும்படி 1998-ல் எச்சரித்தது. "கவனமாக இரு" என்று ஆயிரம் தரம் சொல்வதைவிட, டிரேயை மாற்றி வைப்பது மேல் என்பது என் கட்சி.

உடனே, "எல்லாத்தையும் பூட்டி வச்சிடறோம் மேடம்" என்பார்கள். அங்கேதான் சிக்கல். கர்ப்பிணிக்கு ரத்த அழுத்தம் ஏறி ஜன்னி கண்டால் மக்னீசியம் சல்பேட் உடனே வேண்டும். அளவு மீறினால் அதுவே மூச்சை நிறுத்திவிடும். அதனால் மாற்று மருந்தான கால்சியம் குளுக்கோனேட்டும் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வேறு மருந்தோடு கலக்காமல், சிவப்பு லேபிள் ஒட்டிய தனிப் பெட்டியில் இரண்டும் இருக்கட்டும். ஆனால் இரவு டியூட்டி நர்ஸின் கைக்கு எட்ட வேண்டும்.

ஆகவே வகுப்பில் கேட்பேன்: "ராத்திரி 2 மணிக்கு ஜன்னியோடு ஒருத்தி வருகிறாள். சாவி எங்கே?"

ஒரு ஊரில் பார்மசிஸ்ட் தம்பி எழுந்து, "எங்க வீட்டு ஆணியிலே மாட்டியிருக்கு மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. அவர் வீடு பதினொரு கிலோமீட்டர் தள்ளி. அன்று சாயங்காலமே பதிவேட்டில் சாவிக்கு ஒரு பத்தி போட்டார்கள். டியூட்டி மாறும்போது ஆம்பூல்களை எண்ணி, சாவியைக் கை மாற்றி, இருவரும் கையெழுத்திட வேண்டும். ஃப்ரிஜ்ஜில் தெர்மாமீட்டர் வைத்து, காலையும் மாலையும் பார்த்து எழுதவும் ஏற்பாடாயிற்று.

இவ்வளவையும் கேட்ட மருமகள் எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பி, "நர்ஸம்மா, அத்தையோட இன்சுலினை நான் ஃப்ரீஸர்லே இல்ல வச்சிருக்கேன், கெடாம இருக்கட்டும்னு?" என்றாள்.

உறைந்த இன்சுலினை உருக வைத்தாலும் நம்பக் கூடாது, எறிய வேண்டியதுதான். செருப்பை மாட்டிக்கொண்டு அவள் கூடவே கிளம்பினேன்.